சபோட்டாஜ்: ஒரு சொல்லின் பிறப்பை நாமே தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

சபோட்டாஜ் என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் பதிலாக வரும். பிரான்சிலோ பெல்ஜியத்திலோ நெதர்லாந்திலோ, வேலை பறிபோன தொழிலாளர்கள் காலில் கிடந்த மரச்செருப்பைக் கழற்றிப் புது இயந்திரத்தின் பற்சக்கரத்துக்குள் எறிந்தார்கள். இயந்திரம் நின்றது. மரச்செருப்புக்குப் பிரெஞ்சில் 'சாபோ' என்று பெயர், அதனால் அந்தச் செயலுக்குச் சபோட்டாஜ் என்று பெயர் வந்தது. கேட்கும்போதே காட்சி கண்முன் வந்துவிடுகிறது, அதனால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்தக் கதைக்குச் சான்று கிடையாது. சாபோவுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு உண்டு. எறிந்தார்கள் என்பதுதான் இட்டுக்கட்டியது.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவள். தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், பழைய பத்திரிகைக் கட்டுரைகள், சட்ட வாசகங்கள் என்று என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம். அந்த எழுத்தில் ஒரு சொல் இன்றைய பொருளில்தான் நிற்கிறது என்று நம்பி வேலையைத் தொடங்க முடியாது. 1910ஐ ஒட்டிய ஒரு துண்டறிக்கையில் சபோட்டாஜ் என்று வந்தால், அகராதி தருகிற 'நாசவேலை'யை அப்படியே போட்டுவிடலாமா? போட்டால், மெதுவாக வேலை பார்த்த ஒருவர் கையில் நாம் வெடிகுண்டைக் கொடுத்தது போல ஆகிவிடும். இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, தேடும் முறையை முழுக்கச் சொல்கிறேன். இணையமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும். நோட்டில் இடது ஓரம் ஆண்டுக்கு மட்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் அந்த ஓரத்தில்தான் தீர்மானமாகும்.

முதல் வேலை, பொருளைத் துல்லியமாக எழுதி வைப்பது. கெடுப்பது என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். ஸ்பாயில் என்றால் யாரும் கைவைக்காமல் தானாகக் கெட்டதாகவும் இருக்கலாம். பாட்ச் என்றால் செய்தவருக்குத் திறமை போதவில்லை. ரூயின் என்றால் மீட்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. சபோட்டாஜுக்கு இவை எதுவும் போதாது. வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், பெரும்பாலும் மறைவாகச் செய்திருக்க வேண்டும், அநேகமாக உள்ளே இருக்கும் ஒருவரே செய்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஆவணம் ஒன்றில் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் அந்தச் சொல் வந்தால், பொருள் மாறிய இடம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, சொல்லைக் காதால் கேட்பது. எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், ஏனென்றால் இதற்கு எந்த அகராதியும் வேண்டாம். வில்லேஜ், டேமேஜ், மெசேஜ், மேரேஜ் ஆகியவற்றை ஆங்கிலேயர் சொல்லும்போது கடைசி அசை 'இஜ்' என்று சுருங்கிவிடும். இவை இடைக்காலத்திலேயே, நார்மன் ஆட்சிக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து ஊறியவை. அழுத்தம் முதல் அசைக்குப் போய்விட்டது, கடைசி அசை தேய்ந்துவிட்டது. கராஜ், மசாஜ், கேமஃப்ளாஜ் ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். கடைசி அசை பெரும்பாலும் இன்னும் பிரெஞ்சு மாதிரியே நீண்டு ஒலிக்கிறது. இவையெல்லாம் மிகப் பின்னால் வந்தவை. கராஜ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் காரோடு வந்தது, கேமஃப்ளாஜ் முதல் உலகப் போரின்போது வந்தது. சபோட்டாஜ் இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான் சேர்கிறது. எழுத்தில் ஒரே விகுதி, ஒலியில் இரண்டு காலம். ஆக, இது ஆங்கிலத்துக்குப் புதுச் சொல் என்ற ஊகம் அகராதியைத் திறக்கும் முன்பே கிடைத்துவிடுகிறது.

இப்போது ஆண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் சிறப்பே இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்ததிலேயே பழைய மேற்கோளை ஆண்டோடு தரும். 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் முதல் பதிப்பு நிறைவடைந்த அகராதி அது. இணையப் பதிப்புக்குக் கட்டணம் உண்டு, ஆனால் பல நூலகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அதைத் திறந்து வைத்திருக்கின்றன. இலவசமாக வேண்டுமானால் எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு அகராதி இருக்கிறது. டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொடங்கி வளர்த்தது, தொடக்கத்துக்குப் போதும். பிரெஞ்சுப் பக்கத்துக்கு 'த்ரெஸோர்' என்ற பேரகராதி இணையத்தில் இலவசம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும், பதிவின் கடைசியில் வரும் வரலாற்றுப் பத்தியில் ஆண்டுகள் வரிசையாக இருக்கும், அதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துவிடலாம்.

தேடினால் வருவது இது. ஆங்கில ஏடுகளில் சபோட்டாஜ் 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் தலைகாட்டுகிறது. பரவலாவது 1910ஐ ஒட்டி. அந்த ஆண்டு அக்டோபரில் பிரான்சில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. பிரதமர் அரிஸ்தீத் பிரியான், ஒருகாலத்தில் பொது வேலைநிறுத்தத்தை ஆதரித்து மேடையேறியவர், ரயில்வே தொழிலாளர்களைப் படை அழைப்பின் கீழ் கொண்டுவந்து வேலைநிறுத்தத்தை உடைத்தார். அந்தச் செய்திகளைத் தந்த ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தப் பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன.

ஒரு எச்சரிக்கை. அகராதி தரும் முதல் ஆண்டு சொல் பிறந்த ஆண்டு அல்ல, இதுவரை கண்டெடுத்த மிகப் பழைய எழுத்தின் ஆண்டு. நாளைக்கு இன்னும் பழைய பத்திரிகை ஒன்று கிடைத்தால் அது பின்னால் போகும். அதனால் நோட்டில் எழுதும்போது '1910இல் பிறந்தது' என்று எழுதாமல், '1910க்குள் புழக்கத்தில் இருக்கிறது' என்று எழுதுங்கள்.

கதையை இந்த ஆண்டுகளோடு உரசிப் பார்க்கலாம். இயந்திரத்தை உடைத்த தொழிலாளர்கள் என்றால் உடனே நினைவுக்கு வருபவர்கள் இங்கிலாந்தின் லட்டைட்டுகள். அவர்கள் காலம் 1811 முதல் 1816 வரை. பிரான்சில் ஜக்கார் தறி 1804இலேயே வந்துவிட்டது, லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தது 1831இல். செருப்பெறியும் கதை நடந்திருக்க வேண்டுமானால் இந்தச் சூழலில்தான் நடந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் காலத்து நீதிமன்றப் பதிவிலோ பத்திரிகையிலோ இந்தச் சொல் இந்தப் பொருளில் கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை. போராட்ட வழி என்ற பொருளில் சபோட்டாஜ் பிரெஞ்சில் வேர்விடுவதே 1890களில்தான். நடுவில் இருக்கும் அத்தனை வருட மௌனத்துக்கு அந்தக் கதையில் பதில் இல்லை. லட்டைட்டுகள் கையில் இருந்ததோ சம்மட்டி.

இன்னொரு கதையும் உலவுகிறது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு இருக்கைக்கும் சாபோ என்று பெயர் உண்டு, வேலைநிறுத்தக்காரர்கள் அதை வெட்டினார்கள், அதிலிருந்து வந்தது என்பார்கள். முதல் கதையைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ரயில்வே தொழில்மொழியில் அந்தச் சொல் இருந்தது உண்மைதான். தண்டவாளம் உட்கார மரக்கட்டையைச் செதுக்குவதற்கே சபோட்டாஜ் என்ற பெயரும் இருந்தது, மரச்செருப்பு செய்யும் தொழிலுக்கும் அதே பெயர். ஆனால் இந்தக் கதை சாய்ந்து நிற்பது 1910 வேலைநிறுத்தத்தின் மேல். சொல்லோ 1897லேயே ஒரு தொழிற்சங்க மாநாட்டின் அறிக்கையில் ஏறிவிட்டது. பின்னால் நடந்த சம்பவம் முன்னால் இருந்த சொல்லுக்குத் தாயாக முடியாது.

அந்த மாநாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரான்சின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான சேஜேதே 1895இல் லிமோஜ் நகரில் உருவானது. 1897இல் துலூஸ் நகரில் கூடியபோது பகிஷ்காரம், சபோட்டாஜ் என்ற இரண்டு போராட்ட முறைகளைப் பற்றிய அறிக்கை முன்வைக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் எமில் புஜே. 1889 முதல் 'பேர் பெனார்' என்ற வார இதழை முழுக்க முழுக்கத் தொழிலாளர் பேச்சுமொழியில், கொச்சையும் வசையும் கலந்து எழுதியவர். பட்டறைப் பேச்சில் கிடந்த ஒரு சொல் மாநாட்டுத் தீர்மானத்தில் ஏறியது எப்படி என்பதற்கு அவருடைய நடையே விடை.  ஒரு சொல்லைத் தேடும்போது முதல் மேற்கோளோடு நிறுத்தாமல், அதை எழுதியவர் யார், எந்த மொழியில் எழுதிப் பழகியவர் என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, பட்டறைப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? சாபோ போட்டு நடந்தால் சத்தம் வரும், நடை தடுமாறும். அதனால் 'சாபோத்தே' என்ற வினைச்சொல்லுக்குச் சத்தமாக நடப்பது, பிறகு வேலையை ஏனோதானோவென்று செய்வது என்று பொருள் வளர்ந்தது. இசைக்கலைஞர் ஒரு பாட்டை அலங்கோலமாக வாசித்தாலும் அதே வினைச்சொல்தான். சாபோ என்ற பெயர்ச்சொல்லே பழைய செருப்பைக் குறிக்கும் 'சவாத்' என்ற சொல்லோடு உறவுடையது. ஸ்பானிய மொழியில் செருப்புக்கான 'ஸபாத்தோ'வும், தட்டையான ஒரு ரொட்டிக்குப் பெயரான இத்தாலியின் 'சபாட்டா'வும் இதே குடும்பம். இவற்றின் ஆதிமூலம் எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை, அதனால் நோட்டில் நான் இந்த இடத்தில் கோடு போட்டு நிறுத்திவிடுவேன்.

ஆக, மரச்செருப்பு இயந்திரத்துக்குள் போகவே இல்லை, காலில்தான் கிடந்தது. மரச்செருப்புக்காரன் மாதிரி வேலை செய்வது என்பதே அந்தச் சொல்லின் கரு. புஜே முன்வைத்த முழக்கமும் அதையே சொல்கிறது: மோசமான கூலிக்கு மோசமான வேலை. அவர் முன்மாதிரியாகக் காட்டியது ஸ்காட்லாந்தை. 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தோற்றது. அவர்கள் இடத்தில் அதுவரை வேலை பார்த்தவர்கள் துறைமுக வேலையே தெரியாத விவசாயக் கூலிகள். திரும்ப வேலைக்கு வந்த தொழிலாளர்கள், அந்தக் கூலிகளின் வேலை முதலாளிகளுக்குத் திருப்தி என்றால் நாமும் அதே தரத்தில் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் அதற்கு 'கா கேனி', அதாவது 'பார்த்துப் போ, நிதானமாகப் போ' என்று பெயர். விதிப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்து ரயில்களைத் தாமதமாக்குவது, விற்கும் பொருளின் குறையை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது ஆகியவையும் புஜேயின் பட்டியலில் உண்டு. இயந்திரத்தை முடக்குவதும் அதில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பலவற்றில் அது ஒன்று, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: கதையோடு வரும் சொல்பிறப்பு எல்லாமே பொய்யா? இல்லை. அதே துலூஸ் அறிக்கையில் பக்கத்தில் நிற்கும் பாய்காட் என்ற சொல்லைப் பாருங்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880இல் அந்த வட்டாரமே அவரோடு எல்லாத் தொடர்பையும் அறுத்தது. வயலில் வேலை செய்ய ஆள் இல்லை, கடையில் பொருள் தர ஆள் இல்லை. அறுவடைக்கு வடக்கிலிருந்து ஆட்களை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாகப் படையையும் நிறுத்த வேண்டியிருந்தது. அதே 1880இலேயே அவர் பெயர் வினைச்சொல்லாகப் பத்திரிகைகளில் அச்சேறியது. ஆளின் பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, சம்பவமும் சொல்லும் ஒரே ஆண்டில் நிற்கின்றன. மெய்யான கதை இப்படித்தான் இருக்கும். செருப்பெறிந்த கதையில் ஊர் கூட ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொன்று.

அந்தக் கதை பழையது என்பதாலும் ஏமாந்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு வயதோ ஏறக்குறைய அதே வயது அந்தக் கதைக்கும். புதிதாக வந்த அயல்மொழிச் சொல்லைப் பார்த்து, சாபோ என்ற பகுதி மட்டும் புரிந்து, மீதியைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஐடபிள்யூடபிள்யூ என்ற தொழிற்சங்கம் தன் ஒட்டுத்தாள்களில் கறுப்புப் பூனையையும் மரச்செருப்பையும் சின்னமாக அச்சடித்தது. அந்தப் படங்கள் கதைக்கு நல்ல தீனி போட்டிருக்கும் என்பது என் கருத்து.

தேடலின் கடைசிப் பகுதி, பொருள் எப்போது மாறியது என்பது. பலர் பிறப்பைக் கண்டுபிடித்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பவருக்கு உண்மையில் தேவை இந்தப் பகுதிதான். சபோட்டாஜ் பற்றிப் புஜே எழுதிய சிறுநூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஆர்ட்டூரோ ஜோவனித்தி. 1912இல் லாரன்ஸ் நகர ஆலை வேலைநிறுத்தத்தையொட்டிச் சிறையில் இருந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார், 1913இல் சிகாகோவில் நூல் வெளிவந்தது. அதே 1912இல் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி, சபோட்டாஜை ஆதரிப்பவர்களைக் கட்சியிலிருந்து நீக்கும் விதியைச் சேர்த்தது. இதுவரை சொல் தொழிற்சங்கச் சண்டைக்குள்தான் இருக்கிறது. பிறகு போர் வருகிறது. 1916 ஜூலை 30 அன்று நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய பிளாக் டாம் வெடிமருந்துக் கிடங்கை ஜெர்மன் ஒற்றர்கள் தகர்த்தார்கள். அந்த அதிர்ச்சியில் சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தம் வரை சேதமானது. 1918 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் பெயரே சபோட்டாஜ் சட்டம், அது போர்த் தளவாடங்களை அழிப்பதைக் குற்றமாக்கியது. நிதானமாக வேலை செய்த கை மறைந்து, வெடிமருந்து வைத்த கை முன்னால் வந்தது இந்த ஆறேழு வருடத்துக்குள்தான். ஆகவே 1916க்கு முந்தைய தொழிற்சங்க எழுத்து என்றால் 'வேலைக்குலைப்பு' என்றோ 'வேண்டுமென்றே மந்தமாக வேலை செய்தல்' என்றோ இடத்துக்கு ஏற்றபடி எழுதுகிறேன். 1918க்குப் பிந்தைய சட்ட ஆவணம் என்றால் 'நாசவேலை' சரியாகப் பொருந்துகிறது.

பழைய பொருள் செத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ் 1944 ஜனவரியில் எதிரி நாடுகளில் உள்ள சாதாரணக் குடிமக்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. அதில் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கான யோசனைகள் இவை: எல்லாவற்றையும் உரிய வழிமுறைப்படியே செய்ய வேண்டும் என்று வற்புறுத்து, எதையும் ஒரு குழுவின் பரிசீலனைக்கு அனுப்பு, தீர்மானத்தின் வார்த்தைகளைப் பற்றி வாதாடு. இந்த யோசனைகளில் குண்டும் இல்லை, நெருப்பும் இல்லை. புஜே காலத்துப் பொருள் போருக்குள்ளும் உயிரோடு இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கருவிகளைப் பற்றி ஒரு விஷயம். புத்தகங்களில் ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வருகிறது என்று வரைபடமாகக் காட்டும் கூகுள் என்கிராம் போன்ற தேடல்களில் 1800க்கு முந்தைய புத்தகங்களைப் பார்க்கும்போது கவனமாக இருங்கள். அந்தக் கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து நீண்டு, பார்ப்பதற்கு 'எஃப்' மாதிரியே இருக்கும். ஸ்கேன் செய்த கணினி அதை 'எஃப்' என்றே படித்து வைத்திருக்கும். ஸ்பாயில் என்று தேடினால் கிடைக்காத பக்கங்கள், முதல் எழுத்தை மாற்றித் தேடினால் வந்து கொட்டும். புத்தகத்தின் ஆண்டு தவறாகப் பதிவாகியிருப்பதும் சகஜம். வரைபடத்தை நம்பாமல் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

முறை பிடிபட்டதா என்று பார்க்க ஸ்பாயிலையே எடுத்துக்கொள்ளலாம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் 36ஆம் வசனத்தில் இஸ்ரவேலர் எகிப்தியரை 'ஸ்பாயில்' செய்தார்கள் என்று வருகிறது. கெடுத்தார்கள் என்று படித்தால் வசனமே விளங்காது. அங்கே பொருள், கொள்ளையிட்டார்கள் என்பது. லத்தீனில் 'ஸ்போலியும்' என்றால் விலங்கிடமிருந்து உரித்த தோல், வீழ்ந்த எதிரியிடமிருந்து கழற்றிய ஆயுதம். உரிப்பது கொள்ளையிடுவதாகி, கொள்ளை பாழாக்குவதாகி, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தானாகக் கெட்டுப்போவது என்ற பொருள் வருகிறது. கதையின் முடிவைச் சொல்லிவிடும் ஸ்பாய்லர் அதற்கும் வெகு பின்னால், 1971இல் நேஷனல் லாம்பூன் என்ற அமெரிக்க இதழில் டக் கென்னி எழுதிய கட்டுரையின் தலைப்பாக வந்தது.

அடுத்து பாட்ச். இது இன்னும் வியப்பானது. 14ஆம் நூற்றாண்டில், விக்லிஃப் பெயரால் வழங்கும் பைபிளில், எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்ப்பதற்கு இந்த வினைச்சொல் வருகிறது. பொருள் சீர்செய்வது, கெடுப்பது அல்ல. ஷேக்ஸ்பியரின் ட்வெல்ஃப்த் நைட் நாடகத்தில் கோமாளி 'பாட்சர்' என்று சொல்வது பழந்துணிக்கு ஒட்டுப்போடும் தையல்காரரை. ஒட்டுப்போடுவது அரைகுறையாக ஒட்டுப்போடுவதாகி, 16ஆம் நூற்றாண்டில் சொதப்புவது என்ற பொருள் நிலைத்தது. விக்லிஃபுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் நடுவில் எந்த மேற்கோளில் பொருள் முதலில் சாய்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஆண்டு வரிசையாகப் படித்துக்கொண்டே வாருங்கள். அது முடிந்ததும் 'மார்' என்ற சிறிய சொல்லுக்குப் போகலாம். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தடுப்பது, வீணாக்குவது என்ற பொருள்களும் இருந்தன.